‘அனொன்’: இந்தா வாறன்!



நூற்றாண்டு விழாவில் ஓர் ஆங்கில வினையடையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சங்கச் செயலாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சின்னச் சொல்தான்: ‘அனொன்’.

கவிதைத் திரட்டுகளில் பாட்டின் அடியில் ‘அனொன்’ என்று கிடக்குமே, அதுவல்ல இது. அது பெயர் தெரியாதவர் என்பதன் சுருக்கம். எட்டாம் வகுப்பு வரை அவரை நான் பெரிய கவிஞர் என்றே நம்பியிருந்தேன். எங்கள் ஆங்கில ஆசிரியைதான் சிரித்துத் திருத்தினார். அந்தச் சிரிப்போடே இந்த மற்றச் சொல்லையும் சொல்லித் தந்தார்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்றிலே’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது இது. முதற் பொருள் ‘உடனே’. 1611 இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தில், விதைப்பவன் உவமையில், கற்பாறை நிலத்தைப் போன்றவன் வசனத்தைக் கேட்டவுடன் மகிழ்ச்சியோடு ஏற்கிறான் அல்லவா, அந்த ‘உடனே’ இந்தச் சொல்தான்.

ஆனால் அதற்கு முன்னரே ஷேக்ஸ்பியரின் மேடையில் சொல் தளர்ந்துவிட்டது. ‘நாலாம் ஹென்றி’ முதற் பாகத்தில் மதுச்சாலைப் பையன் பிரான்சிஸ் படும் பாட்டைப் பாருங்கள். இளவரசன் அவனைப் பேச்சில் பிடித்து வைத்திருக்கிறான். மற்ற அறையிலிருந்து இளவரசனின் கூட்டாளி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் ‘அனொன், அனொன்’ என்கிறான், நகர முடியவில்லை. ‘மக்பெத்’தில் கதவு தட்டப்படுகிறது, வாயில்காவலனும் அதையே சொல்லிக்கொண்டு அலட்டுகிறான். மாடத்தில் நிற்கும் ஜூலியட்டோ, உள்ளேயிருந்து கூப்பிடும் தாதிக்கு இதே சொல்லை எறிந்துவிட்டு ரோமியோவோடு பேச்சைத் தொடர்கிறாள். அவளுக்கு அந்தச் சொல் ‘இன்னும் கொஞ்சம் நிற்க விடு’ என்ற கெஞ்சல். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

‘உடனே’ என்று சொன்னவர்கள் உடனே வராததால் சொல் ‘சற்றுப் பிறகு’ ஆயிற்று. ‘சூன்’, ‘பிரசன்ட்லி’ இரண்டுக்கும் நடந்தது இதுவே. குசினிக்குள் இருந்து ‘இந்தா வாறன்’ என்று அம்மா சொன்னால் எவ்வளவு நேரம் என்று எங்களுக்கும் தெரியும்தானே!

நான் நாட்டை விட்டுப் போன பிறகு ஆசிரியை கடிதம் எழுதினார். “எப்போது வருவாய்?” என்று கேட்டிருந்தார். குறும்பாக ஒரு தபாலட்டையில் ‘அனொன்’ என்று மட்டும் எழ்தி அனுப்பினேன். திரும்பி வந்த அட்டையிலும் ஒரே வரிதான்: “எந்த நூற்றாண்டுப் பொருளில், பிள்ளை?”

பதில் எழுதலாம், எழுதலாம் என்றே இருந்துவிட்டேன். வந்தபோது வீட்டில் அவருடைய தங்கை மட்டும் இருந்தார். என்னுடைய அட்டை அலுமாரிக்குள், நாங்கள் படித்த ‘ரோமியோ ஜூலியட்’ பிரதிக்குள் வைத்திருந்தது. மாடக் காட்சிப் பக்கத்தில்.