பலகைத் தரையும் தூசி உறிஞ்சும் பொறியும்

வீட்டுக்கு ஒரு தூசி உறிஞ்சும் பொறியைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று இன்று பேசப்போகிறேன். பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பேச வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நானோ கலைப் பட்டதாரி; பொறிகளின் உட்புறத்தை அறிந்தவள் அல்லள். ஆயினும் ஒரு பொறியைத் தவறாகத் தெரிந்தெடுத்து, அதனால் விளைந்த கேட்டை என் வீட்டிலேயே கண்ணாரக் கண்டவள் என்ற தகுதி எனக்குண்டு. கடைகளில் ‘வக்குவம் கிளீனர்’ என்று சொல்லப்படும் இப்பொறி சீமெந்துத் தரையில் ஒருவிதமாகவும், மரப்பலகைத் தரையில் வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறது. பலகைத் தரையைப் பற்றியதே என் பேச்சு.

பதுளை நகரை அண்டிய மலைச்சரிவொன்றிலே பழைய வீடொன்றை நாங்கள் வாங்கினோம். கீழே சீமெந்துத் தரை. மேல்மாடி முழுவதும் முதிரைப் பலகை. ஊவாவில் இத்தகைய தளங்கள் புதுமையல்ல. தோட்டத்துப் பங்களாக்களிலும், பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் மேல்மாடிகளிலும் பலகைத் தளத்தைக் காணலாம். அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 ஆம் ஆண்டிற் கட்டிய அடிஷாம் பங்களாவை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். மாணவருடன் சுற்றுலாச் சென்றபோது, அங்குள்ள பர்மாத் தேக்குப் படிக்கட்டை என் மாணவியொருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை யார் ரீச்சர் துடைக்கிறது?” என்று கேட்டாள். எவருடைய வீடு என்று அவள் கேட்கவில்லை.

முதிரை, பாலை, தேக்கு முதலியன வைரமான மரங்கள். அவற்றை ஒன்றும் செய்யமுடியாது என்று நாம் நினைக்கிறோம். மரம் வைரந்தான். ஆனால் நாம் நடப்பது மரத்தின்மீது அன்று. அதன்மேற் பூசிய மெழுகின்மீது, அல்லது வார்னிஷின்மீது. அந்த மெல்லிய படை மணலுக்கு ஈடுகொடாது. எங்கள் மலைநாட்டு மண்ணிற் கலந்துள்ள படிகக்கற் பொடி எந்த மரத்தினும் கடியது. செருப்போடு வந்த ஒரு மணற்பருக்கையைக் காலாலோ சில்லாலோ இழுத்தால், கண்ணாடியில் ஊசியால் வரைந்தாற்போலக் கோடு விழும்.

இனி, ஊவாவின் காலநிலையையும் சொல்லவேண்டும். ஆனி தொடக்கம் ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. அதைக் கச்சான் என்போம். ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றே. தேயிலைக்கு வரமாக வருவது எங்கள் பலகைக்குச் சோதனையாக வருகிறது. மரம் ஈரத்தை இழந்து குறுக்குவாட்டிற் சுருங்க, பலகைக்கும் பலகைக்கும் இடையே நீக்கல் விழுகிறது. அந்த நீக்கலுக்குள் தெருப்புழுதி இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ் மழை பெய்ததும் பலகை மீண்டும் உப்பி, புழுதியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. விளக்குமாறு அதை எடுக்காது. தண்ணீர் விட்டுக் கழுவினாற் பலகையே கெட்டுப்போகும்.

எங்கள் வீட்டில் இது வெறும் துப்புரவுப் பிரச்சினையாக இருக்கவில்லை. என் தாயாருக்கு இழுப்பு உண்டு. கச்சான் காலத்தில், மேல்மாடியை விளக்குமாற்றாற் கூட்டிய நாளெல்லாம் இரவு அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தூசி பறக்காதபடி துப்புரவு செய்யுங்கள் என்றார் வைத்தியர். அதனால் பொறி வாங்க நேர்ந்தது.

என் தாயார் பலகைத் தரையை அறிந்தவர். இளமையில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில் அவர் வேலை செய்தார். குறுக்கே வெட்டிய அரைத் தேங்காய் மட்டையை எடுத்து, முழந்தாளில் நின்று, மரத்தின் நாரோட்டத்தின் வழியே அறை அறையாகத் தேய்க்கவேண்டும். தேன்மெழுகும் தைலமும் கலந்த பூச்சு. அதன் மணம் இன்றும் அவருக்குத் தலைவலி தரும். முழந்தாளிலே காய்ப்பு இருக்கிறது. அந்தப் பங்களாவிலும் சீமையிலிருந்து வந்த தூசி உறிஞ்சும் பொறியொன்று இருந்ததாம். ஆனால் அது கம்பளத்துக்கு மட்டும். பலகைக்கு ஆட்கள் இருந்தார்கள்.

இந்தப் பின்னணியோடு கடைக்குப் போன நான் செய்த பிழை என்னவென்றால், எது பெரிய எண்ணோ அதை வாங்கியதுதான். பெட்டியில் 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வலிமை மிக்க பொறி என்று நம்பினேன். இரண்டு மாதம் சென்று, ஒருநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தால், மேல்மாடி முழுவதும் வில்வில்லாகக் கீறல்கள்! பொறியின் வாயிலே வன்மயிர்த் தூரிகையொன்று சுழன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்த வழியில்லை. சில்லுகளோ கடின பிளாஸ்டிக். அவற்றில் ஒட்டிய மணலையே தரையெங்கும் உருட்டியிருக்கிறோம். அதைவிடக் கொடியது, பின்புறத் துவாரத்தால் வெளியேறிய காற்று. முன்னாலே உறிஞ்சிய புழுதியின் நுண்மையான பகுதியை அது பின்னாலே அறைக்குள் ஊதிவிட்டது. அம்மாவின் இழுப்பு குறையவில்லை, கூடிற்று. கடைக்காரரை நான் குறைசொல்லமாட்டேன். பலகைத் தரை என்று நானும் சொல்லவில்லை. எந்தத் தரை என்று அவரும் கேட்கவில்லை.

எங்கள் பாடசாலையிற் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். “சேர்மதி, வாட் என்பது பொறி மின்சாரத்தை எவ்வளவு தின்கிறது என்பதன் கணக்கு, எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் கணக்கன்று” என்றார். ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் 1,600 வாட்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொறிகளின் விற்பனையைத் தடுத்தது. 2017 இல் எல்லையை 900 வாட்டுக்கு இறக்கிற்று. அங்குள்ள வீடுகள் அதனால் அழுக்கடைந்துவிடவில்லை. வாயும் குழாயும் செவ்வனே அமைந்திருந்தாற் சிறிய மோட்டாரே போதுமாம்.

இப்பொறியின் வரலாற்றையும் அப்போது தேடிப் படித்தேன். 1901 இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், தூசியை ஊதித் தள்ளும் பொறியொன்றைப் பார்த்தபின், ஊதாமல் உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவுச்சாலை நாற்காலி ஒன்றின்மேற் கைக்குட்டையை வைத்துத் தம் வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையின் மறுபுறம் கறுத்திருந்தது. அவர் செய்த பொறி குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னலால் உள்ளே போகும். ஒருவர் கையிற் பிடித்துத் தள்ளக்கூடிய மின்பொறியைக் காட்டியவர் வேறொருவர். அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்துக் கன்றன் நகரில், ஒரு கடையைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா. கூட்டும்போது எழும் தூசி தாங்காமல், விசிறி மோட்டார் ஒன்றையும் விளக்குமாற்றுக் கம்பொன்றையும் தலையணை உறையொன்றையும் சேர்த்துத் தாமே ஒரு பொறி செய்தார். 1908 இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையை வாங்கி வணிகம் பெருக்கியவர் ஹூவர், பெயரும் அவருடையதாயிற்று. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கூட்டுகிறவனுக்குத்தான் தெரியும்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

ஸ்பாங்லரின் தூரிகை கம்பளத்துக்காகப் பிறந்தது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். கம்பளத்தின் இழைக்குள் ஒளிந்த மண்ணைக் கிளப்பிவிட அந்தச் சுழலும் தூரிகை வேண்டும். பலகையில் தூசி மேலே கிடக்கிறது, அல்லது நீக்கலுக்குள் கிடக்கிறது. அதைக் கிளப்ப வேண்டியதில்லை; எடுத்தாற் போதும். குளிர்நாட்டுக் கம்பள வீடுகளுக்கென்று செய்த வாயைப் பலகையில் ஓட்டினால் எங்களுக்கு நேர்ந்ததே நேரும்.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது அம்மாவையும் அழைத்துச் சென்றேன். கூடவே தச்சரிடம் வாங்கிய, மெழுகு பூசிய சிறு பலகைத் துண்டொன்றையும், கடதாசிப் பையில் எங்கள் வீட்டுத் தூசியையும் கொண்டுபோனோம். கடைப் பையன் முதலிற் சிரித்தான். அம்மா ஒவ்வொரு பொறியின் வாயையும் கழற்றச்சொல்லி, தூரிகை மயிரைத் தம் புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். “எவ்வளவு இழுக்கும் என்று கேட்காதே புள்ளே, வாய் எப்படி இருக்கிறது என்று பார்” என்றார். நான் இப்போது உங்களுக்குச் சொல்லக்கூடிய முதற் புத்திமதியும் அதுவே. வாய் அகலமாகவும், மயிர் மெத்தென்றும் இருக்கவேண்டும். ஓரத்திற் கடின பிளாஸ்டிக் தரையைத் தொடலாகாது. சுழலும் தூரிகை இருந்தால் அதை நிறுத்தும் விசையும் இருக்கவேண்டும். சில்லுகளுக்கு இறப்பர் உறை வேண்டும். நீக்கல்களுக்கென ஒடுங்கிய முனையொன்று தனியே தருவார்கள். எங்கள் வீட்டில் அதுதான் அரைவாசி வேலையைச் செய்கிறது. உறிஞ்சும் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் வழியிருந்தால் நன்று. இல்லாவிட்டால், முழு வலிமையில் வாய் பலகையோடு ஒட்டிக்கொண்டு, தள்ளுபவரின் தோளை வருத்தும்.

இழுப்புக்காரர் உள்ள வீடானால், அடுத்துப் பார்க்கவேண்டியது வடிகட்டி. ஹெப்பா என்ற வகை வடிகட்டி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அக்கூறொன்றின் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைந்த நுண்துகளிலும் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்கவல்லது. ஆனால் பொறியின் உடல் இடுக்குகளாற் காற்றுக் கசிந்தால் எவ்வளவு நல்ல வடிகட்டியும் வீண். இதைச் சோதிக்க எளிய வழியுண்டு: கறுப்புத் துணியொன்றைப் பின்புறத் துவாரத்தின் முன்னே பிடித்துக்கொண்டு, தூசியை உறிஞ்சச் செய்யுங்கள். எங்கள் கடதாசிப் பை அங்கேதான் பயன்பட்டது. இரு பொறிகள் அந்தத் துணியை வெளுக்கச் செய்தன. கடைப் பையன் அதன்பின் சிரிக்கவில்லை. மூன்றாவதை அவனே ஆவலோடு எடுத்துவந்தான்.

பையுள்ள பொறியா, கிண்ணமுள்ள பொறியா என்ற கேள்வியும் எழும். கிண்ணத்துக்குச் செலவில்லை; ஆனால் அதைக் கவிழ்க்கும்போது, அடக்கிவைத்த தூசி முகத்திலே எழும்பும். பையோ மூடியபடி குப்பைக்குப் போகும். மாற்றுப் பை பதுளையிற் கிடைக்குமா, கொழும்புக்கு எழுதவேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். நாங்கள் பையுள்ளதையே எடுத்தோம்.

மின்கலத்தால் இயங்கும் கம்பியில்லாப் பொறி இலேசானது, படியேற்ற எளிது. மின்கலம் நாளடைவில் நலியும். அதை மாற்றும் விலையைக் கேட்டபின் நாங்கள் கம்பியுள்ளதையே நாடினோம். 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்திலாயின் எதுவும் உதவியிராது என்பது வேறு. தானே ஊர்ந்து திரியும் வட்டப் பொறி பிள்ளைகளுக்கு வேடிக்கை. பழைய வீடுகளின் உயர்ந்த நிலைப்படிகளை அதனாற் கடக்கமுடியாது. நீராவி விட்டுத் துடைக்கும் பொறியை மட்டும் பலகை வீட்டார் எவர் சொன்னாலும் வாங்கவேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வாங்கிய பெரிய எண்காரப் பொறியைவிட இரண்டாவது விலை குறைந்தது. கீறல் விழுந்த மேல்மாடியை மீண்டும் தேய்த்து மெழுகிடத் தச்சருக்குக் கொடுத்த கூலியோ இரண்டு பொறிகளின் விலையையும் விஞ்சிவிட்டது.

பழைய பொறியைக் கீழ்த்தளத்துச் சீமெந்துக்கு வைத்திருக்கிறோம். அம்மா மேலே இருக்கும்போது மட்டும் அதை ஓட்டுவோம். புதிய பொறியைச் சனிக்கிழமைகளில் மேல்மாடிக்குத் தூக்கிச் செல்வது என் மகனின் வேலை. அவன் குறுக்கே தள்ளத் தொடங்கினால், சாய்மனைக் கதிரையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “நாரோட்டத்தோடு போ, தம்பி.” சென்ற கச்சானில் அவர் இரவு எழுந்து உட்கார்ந்த நாட்கள் விரலில் எண்ணக்கூடியவை. வேலை முடிந்ததும் பொறியின் வாயைத் தம் கையாலேயே கழற்றி, மயிரிற் சிக்கிய மணலைத் தட்டி, சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிடுகிறார். அந்த வேலையை மட்டும் அவர் எங்களுக்கு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.