தரவுத்தளம் தேர்தலும் அமைத்தலும்



வாடகை வழங்கியில் வலைத்தளம் நிறுவ விழைவோர்க்கு முதலில் எழும் வினா, எந்தத் தரவுத்தளத்தைக் கொள்வது என்பதாகும். புகழ்பெற்றது எது என்று கேட்பதினும், நம் பணி யாது என்று கேட்பதே நன்று என்பேன்.

பழைய நிலக்கணக்கு ஏடுகளைப் படியெடுத்து வெளியிடும் தளம் ஒன்றைக் கருதுவோம். எழுதுவோர் ஒருவரேயாயின் எஸ்க்யூலைட் போதும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மென்பொருள், தரவு முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும். ஆயினும் ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுத இயலும். பலர் ஒருங்கே எழுதுவதாயின், 1995இல் தோன்றிய மைஎஸ்க்யூஎல், அதனின்று 2009இல் கிளைத்த மரியாடிபி, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வில் வேரூன்றிய போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகியவை ஏற்றவை. வாடகை வழங்கிகளில் முன்னிரண்டுமே பெரும்பாலும் கிடைக்கும்.

இனி அமைக்கும் முறை. எழுத்துக் குறிமுறையை முதற்கண் கவனித்தல் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் நெடுங்காலம் யுடிஎஃப்8 எனப்பட்டது, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளே அளித்தது. அ, ஆ முதலிய தமிழெழுத்துகளுக்கு அது போதும். முந்திரி, காணி, மா ஆகிய பின்னக் குறிகளோ 2019இல் யூனிகோடில் இடம்பெற்றவை. அவற்றிற்கு நான்கு பைட்டுகள் வேண்டும். மூன்றே அளித்தால் வழங்கி அப்பதிவை ஏற்க மறுக்கும். அல்லது கட்டுப்பாடு தளர்ந்த அமைப்பாயின், அக்குறி தொடங்கி எஞ்சிய வரியையே வெட்டிவிடும். நிலத்தின் அளவே ஏட்டினின்று மறைந்துபோம் அன்றோ? ஆகவே 2010இல் வந்த யுடிஎஃப்8எம்பி4 என்பதையே தரவுத்தளத்திற்கும், அதனோடு தளம் கொள்ளும் இணைப்பிற்கும் குறித்தல் வேண்டும்.

அடுத்து, தளத்திற்கெனத் தனிப் பயனர் ஒருவரை அமைத்து, அத்தரவுத்தளத்தில் மட்டும் வேண்டிய உரிமைகளை அளித்திடுக. கடவுச்சொல் உள்ள கோப்பைப் பொதுமக்கள் காணும் அடைவிற்கு வெளியே வைத்திடுக.

இறுதியாக, நாள்தோறும் காப்புப் பிரதி எடுத்து, அதனை வேறோர் இடத்தில் வைத்தல் இன்றியமையாதது. எடுத்தால் மட்டும் போதாது. வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் அதனை மீளப் பெய்து, பின்னக் குறிகள் பிழையின்றித் தோன்றுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்த்த பின்னரே மூல ஏட்டை நிம்மதியாகக் கட்டி வைக்கலாம்.