பக்கத்து பெஞ்சும் ஒரு பாடம்தான்

இன்னைக்கு எம்பிஏ படிக்கிறவங்களுக்கான விஷயம்.

1976-ல் மதுரையில் 11 படுக்கையோட டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கினது அரவிந்த் கண் மருத்துவமனை. காசு கட்ட முடிஞ்சவங்க தர்ற கட்டணத்துல, முடியாதவங்களுக்கும் சிகிச்சை. 1993-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் இதை ஒரு கேஸ் ஸ்டடியா வெளியிட்டது. ஆனா கேஸ் ஸ்டடியில் விடை இருக்காது. மாணவர்கள் வகுப்புக்கு முன்னாடியே சின்னக் குழுவா உக்காந்து வாதாடணும். பாடமே அந்த வாதம்தான்.

சங்கரன்கோவில் மாதிரி ஒரு விசைத்தறி ஊர்ல இதைச் செய்ய மூணு பேர் போதும். தறி ஓடுற வீட்டுப் பிள்ளைக்கு, நூல் விலை ஏறினா கூலிக்கு நெய்யறவர் படுற பாடு தெரியும். ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளைக்கு, கடனுக்குப் போன சரக்கோட பணம் எப்போ திரும்பும்னு தெரியும். கணக்குல கெட்டிக்காரர் ரெண்டையும் ஒரே தாளில் போட்டுக் காட்டுவார். இது மூணும் சேர்ந்து எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஆனா பிளேஸ்மென்ட் பயத்துல நாம நோட்ஸையே மறைச்சு வைக்கிறோம். நம்ம ஐடியாவுல ஓட்டை எங்கேன்னு நண்பர் கேட்கிற எதிர்க்கேள்வியில்தான் தெரியும். இன்டர்வியூவில் தெரிஞ்சா லேட்!

இந்த வாரம் உங்க ஊர்த் தொழில் ஒண்ணைப் பத்தி ஒரு பக்கம் எழுதி, ரெண்டு நண்பர்கள்கிட்ட கொடுங்க. நல்லா சண்டை போடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.