மறுமை பற்றி எப்படி வாதிடுவது?



இறந்த பின் ஏதாவது உண்டா என்ற கேள்வியை இன்றைய அறக்கட்டளை உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொழிற்பேட்டையில் பேசுவதற்கு வேறு பொருளா இல்லை என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இங்கேதான் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை காரும் டயரும் கண்ணாடியும் செல்போனும் செய்கிற இந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பிள்ளைகள். இரவு ஷிப்டில் நிற்கும்போது, அப்பா தவறிவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வருகிறது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, யூனிபார்மோடு பேருந்து பிடிக்கிறான் பையன். கொள்ளி வைக்கிறான், மொட்டை போட்டுக்கொள்கிறான். பதினாறாம் நாள் வரை ஊரில் இருக்க விடுப்பு கிடைக்காது. பங்காளிகள் கூடிப் பேசி, காரியத்தை முன்னதாகவே முடித்து அனுப்பிவைக்கிறார்கள். திரும்பி வந்து லைனில் நிற்கிறவனின் மொட்டைத் தலைக்கு மேல் தொப்பி. அவன் மனத்தில் ஒரு கேள்வி: அப்பா எங்கே போனார்? நாள் குறைத்துச் செய்த காரியம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா?

அவனுக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. "சாமிகிட்ட போயிட்டாருப்பா, மனசப் போட்டு கொழப்பிக்காதே" என்பது ஒன்று. "செத்தா மண்ணுதான், இதுல என்ன யோசனை" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் பக்தர், இரண்டாவதைச் சொல்பவர் பகுத்தறிவாளர். இருவருமே நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பதிலும் அவன் வாயை மூடிவிடுகின்றன. என் வருத்தம் அதுதான். ஏனென்றால் இந்தக் கேள்வியை வாயடைக்காமல் பேசும் வழக்கம் இந்த மண்ணில் மிகப் பழையது.

நாம் கூடியிருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். இராமானுசர் பிறந்த ஊர் இது. மரபுக் கணக்கில் 1017. 2017இல் ஆயிரமாவது ஆண்டு விழாவை ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கொண்டாடினோம். அவரைச் சீர்திருத்தக்காரராகப் போற்றுகிறோம். வாதம் செய்தவராக அவ்வளவாக நினைப்பதில்லை. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், முதல் சூத்திரத்தின் உரையைப் பாருங்கள். தாம் மறுக்கப்போகும் அத்வைதக் கருத்தைச் சுருக்கமாக ஒருமுறையும் விரிவாக ஒருமுறையும் அவரே எடுத்து வைக்கிறார். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதங்கள் எவையோ அவற்றையே எடுக்கிறார். அதன் பிறகுதான் மறுக்கத் தொடங்குகிறார். இதைப் பூர்வபட்சம் என்பார்கள். இது அவர் ஒருவருக்கே உரியதல்ல. எல்லாத் தரிசனக்காரர்களும் கைக்கொண்ட முறைதான்.

குருபரம்பரை நூல்கள் இன்னொரு செய்தியும் சொல்கின்றன. யக்ஞமூர்த்தி என்ற அத்வைதத் துறவி திருவரங்கத்துக்கு வந்து இராமானுசரோடு வாதிட்டார். பதினேழாம் நாள் முடிவில் இராமானுசரின் கை தாழ்ந்திருந்தது. மறுநாள் யக்ஞமூர்த்தி பணிந்து சீடரானார், அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயர் பெற்றார், தமிழில் ஞானசாரமும் பிரமேயசாரமும் பாடினார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பதினெட்டாம் நாள் அல்ல, பதினேழாம் நாள். எங்கள் ஆசாரியர் தோற்கும் நிலைக்கு வந்தார் என்று சீடர்களின் பரம்பரையே எழுதி வைத்திருக்கிறது. எதிராளியின் வலிமையை மறைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இனி மணிமேகலைக் காப்பியத்துக்கு வருகிறேன். வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கப் போகிறாள் மணிமேகலை. இளம்பெண் என்று தெரிந்தால் உட்பொருளைச் சொல்லமாட்டார்கள் என்பதால் துறவி உருவம் எடுத்துக்கொண்டு போகிறாள். கடைசியாக அவள் கேட்பது பூதவாதியை. அவன் சொல்வது இதுதான்: ஆத்திப்பூவையும் வெல்லத்தையும் மற்றவற்றையும் சேர்த்து ஊறவைத்தால், அவற்றில் தனித்தனியே இல்லாத போதை பிறக்கிறது, அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரியும்போது போய்விடுகிறது. கண்ணால் காண்பதே சான்று. இன்பமும் துன்பமும் இந்தப் பிறவியோடு சரி. மறுமை என்பது பொய்.

மணிமேகலையை எழுதிய சாத்தனார் பௌத்தர். மறுபிறப்பு இல்லையென்றால் அவருடைய காப்பியத்துக்கு அடித்தளமே இல்லை. ஆனாலும் பூதவாதியை அவர் முட்டாளாகக் காட்டவில்லை. ஆத்திப்பூ உவமையை இன்றைக்கு மூளையை ஆராய்பவரிடம் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய இதைத்தான் நாங்களும் நினைக்கிறோம் என்பார். மறுமையை மறுத்தவர்கள் எழுதிய நூல்கள் இந்நாட்டில் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரிவதே அவர்களை மறுத்தவர்கள் எடுத்துச் சொன்னதால்தான். குண்டலகேசியின் கதையும் அப்படியே. பௌத்தக் காப்பியமான அது முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் குண்டலகேசியின் செய்யுள்களில் பலவற்றைக் காட்டித் தருகின்றன.

பூதவாதிக்கு மணிமேகலை சொன்ன பதில் கூர்மையானது. கண்ணால் கண்டதை மட்டும்தான் ஒப்புக்கொள்வாய் என்றால், உன் தாய் தந்தையர் இன்னார் என்று எப்படி அறிந்தாய்? அனுமானத்தால்தானே? இந்த வாதத்தில் பூதவாதி தோற்றான் என்பதே என் தீர்ப்பு. கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்று ஒருவரும் வாழ முடியாது. ஆனால் அவன் எதில் தோற்றான் என்பதையும் பார்க்க வேண்டும். அனுமானம் சான்றாகும் என்பது நிலைநாட்டப்பட்டது. மறுமை உண்டு என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. அதற்குத் தனியாக ஓர் அனுமானம் வேண்டும்.

அந்த அனுமானத்தை அதே காப்பியத்தில் வேறொருவன் தருகிறான். கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறிய சாதுவன் அவர்களுடைய மொழி அறிந்தவன். நல்லவர் துறக்கம் புகுவர், தீயவர் நரகம் புகுவர் என்று அவன் சொன்னதும் நாகர் தலைவன் சிரிக்கிறான். உடம்பை விட்ட உயிர் எப்படிப் போகும், எப்படி இன்னோரிடம் புகும், சொல் என்கிறான். உயிர் உள்ளபோது உடம்பு வலியை அறிகிறது, உயிர் போன பின் வெட்டினாலும் சுட்டாலும் அறிவதில்லை, ஆகவே ஒன்று நீங்கிப் போயிருக்கிறது, நீங்கியது வேறோரிடம் சேரும் என்பது சாதுவனின் வாதம்.

இங்கே இருக்கும் தோழர்கள் உடனே கேட்பீர்கள்: டெஸ்ட் பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நின்றுவிட்டால், அதன் ஓட்டம் எந்த ஊருக்குப் போனது என்று யாரும் தேடுவதில்லையே? நியாயமான கேள்வி. என் நிலையும் அதற்குப் பக்கத்தில்தான். மறுமைக்குப் போதிய சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நான் புகழ்ந்த முறைக்கு நானும் கட்டுப்பட வேண்டும் அல்லவா? மறுமையை நம்புகிறவரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிப் பார்க்கிறேன். என்ஜினுக்கு வலி கிடையாது, நான் இன்னும் ஓட வேண்டும் என்ற ஆசை கிடையாது. மனிதனுக்கு உண்டு. இத்தனை இரசாயனமும் மின்துடிப்பும் சேர்ந்தால் ஏன் 'எனக்கு வலிக்கிறது' என்ற ஒன்று உண்டாக வேண்டும் என்பதற்கு அறிவியல் இன்னும் விடை காணவில்லை. தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் இதைத்தான் கடினமான சிக்கல் என்று தனியே பிரித்துக் காட்டினார். அப்படியிருக்க, உடம்போடு எல்லாம் முடிந்தது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? அடுத்தது நீதி. கொடுமை செய்தவன் வயதாகி மெத்தையில் சாகிறான். அவன் கையில் பட்டவள் இருபது வயதில் செத்துப்போகிறாள். கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது என்றால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இதை மனம் ஏற்க மறுப்பது வெறும் பயத்தால் அல்ல. மனிதனுக்குள் இருக்கும் நேர்மை மறுக்கிறது.

இந்த இரண்டாவது வாதத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். நீதி வேண்டும் என்ற ஏக்கம் நீதி கிடைக்கும் என்பதற்குச் சான்றாகாது என்பதே என் மறுப்பு. கூடவே ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஏழைக்கு, அவன் படும் பாடு முற்பிறவிப் பாவம் என்று சொல்ல இந்தக் கொள்கை பயன்பட்டிருக்கிறது. மேலே இருப்பவனுக்கு அவன் அனுபவிப்பது முற்பிறவிப் புண்ணியம் என்று சொல்லவும் பயன்பட்டிருக்கிறது. நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் சார்பில் ஒரு பதில் மணிமேகலையிலேயே இருக்கிறது. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்தவள் அமுதசுரபியை ஏந்தி வந்தவர்க்கெல்லாம் சோறிட்டாள். யார் வினை என்ன என்று கணக்குப் பார்க்கவில்லை.

நீலகேசியில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்நூலின் கடைசி வாதமும் பூதவாதத்தோடுதான். பேய் என்று ஒன்று இல்லை என்கிறவன் எதிரே நூலின் தலைவி நீலகேசி தன் பழைய பேய் உருவைக் காட்டுகிறாள், அவன் நடுங்குகிறான். அதுவரை அத்தனை சமயத்தாரையும் தருக்கத்தால் எதிர்கொண்டவளுக்கு இது அழகல்ல. பயந்தவன் வாயை மூடுவான், ஒப்புக்கொண்டான் என்று ஆகாது. சாதுவன் செய்தது இதைவிட மேல். கள்ளையும் கொலையையும் விடச் சொன்னான். விட்டால் எப்படி உயிர்வாழ்வது என்றான் தலைவன். அப்படியானால் கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், மூத்துச் செத்த விலங்கை மட்டும் உண்ணுங்கள் என்று இறங்கி வந்தான் சாதுவன். இந்த அறம் எங்களுக்கு ஏற்கும் என்றான் தலைவன். மறுமை பற்றிய வாதத்தின் பயனாகக் கரை ஒதுங்கும் மனிதர்கள் பிழைத்தார்கள்.

அண்மைக் காலத்துக்கு வந்தால் சென்னை இலௌகிக சங்கம் நினைவுக்கு வருகிறது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை அது நடத்தியது. இலண்டனில் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் முன்னின்ற நாத்திக இயக்கம் அவர்களுக்கு முன்மாதிரி. அதே அன்னி பெசன்ட் பிறகு பிரம்மஞான சபையில் சேர்ந்து, மறுபிறப்பை நம்புகிறவராகச் சென்னைக்கு வந்தார். நாத்திகத்திலிருந்து நம்பிக்கைக்கும், நம்பிக்கையிலிருந்து நாத்திகத்துக்கும் நேர்மையானவர்கள் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

தொழிலாளர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி 1918இல் நடந்தது. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தார்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க அங்கே வருவார்கள். வந்த இடத்தில் ஆலையில் படும் துன்பத்தையும் சொன்னார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் தலைவரான வாடியா பிரம்மஞான சபைக்காரர். துணை நின்ற திரு.வி.க. சைவர். 1923 மே முதல் நாள் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் பொருள்முதல்வாதி. பின்னாளில் 'குடி அரசு' இதழில் அறிவியலும் நாத்திகமும் எழுதியவர். திரு.வி.க.வும் சிங்காரவேலரும் மறுமை பற்றி ஒத்துப்போனதே இல்லை. கூலியும் வேலை நேரமும் பற்றிப் பேசும்போது இருவரும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள்.

இன்று நம் வட்டாரத்தில் ஆயுத பூஜை அன்று ரோபோவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், கேட்டில் பூசணிக்காய் உடைக்கிறோம். தேங்காய் உடைக்கிறவரும் ஒதுங்கி நிற்கிறவரும் ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். ஏன் உடைக்கிறாய் என்று இவரும், ஏன் ஒதுங்குகிறாய் என்று அவரும் கேட்டுக்கொள்வதில்லை. சண்டை வரும் என்ற அச்சம். அந்த அமைதியை நான் மதிக்கிறேன், ஆனால் அது போதாது. மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவனின் கேள்வி அந்த அமைதிக்கு அடியில் கிடக்கிறது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. மணிமேகலை மாற்றுருவம் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்த கேள்விகளை அங்கே தங்கும் பெண்கள் தங்கள் சொந்த உருவத்திலேயே கேட்கலாம். கேட்க ஒரு கூடமும், வாரத்தில் ஒரு மாலை வேளையும் வேண்டும். தொழிற்சங்கங்களும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாகங்களும் பகுத்தறிவு அமைப்புகளும் சேர்ந்தால் இதைச் செய்ய முடியும். விதி ஒன்று போதும்: மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பைச் சொல்லிக்காட்ட வேண்டும், ஆமாம், நான் நினைப்பது இதுதான் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்க வேண்டும். துக்க வீட்டில் இந்த வாதம் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப் போன்ற ஒருவரை மேடையேற்ற வேண்டாம். இந்த வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்யும் இருவரை அழையுங்கள். ஒருவர் மறுமையை நம்புகிறவர், மற்றவர் நம்பாதவர். முதல் அரை மணி நேரம் அவரவர் மற்றவருக்காகப் பேசட்டும். நான் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.