எழுதுகோலும் கட்டுத்துவக்கும்

(கண்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், இதே கண்டி மாநகரில் ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது. நாட்டை விழுங்க வந்த அந்நியன்கூட அதில், உடலை வதைக்கும் சித்திரவதை ஒழிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தான். வதைத்துப் பெறும் சொல் உண்மையாகாது. அதனாலன்றோ, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது என்று நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் விதித்தது!

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வரம்பை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகுமாம். அது பலாத்காரமாகப் பெறப்பட்டதாயின், அதை நிரூபிக்கும் பாரமும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமீதே! நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்? மூன்று ஆண்டுகளுக்கெனக் கொண்டுவந்த இச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

யாருக்கு எதிராக இது பாய்ந்தது? யுத்தத்தில் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துயரை 2006இல் ஓர் ஆங்கில மாத இதழில் எழுதினார் ஜே. எஸ். திசைநாயகம். 2008 மார்ச்சில் கைதானார். ஒப்புதல் பலாத்காரமாகப் பெறப்பட்டதென்ற அவரது முறையீடு ஏற்கப்படவில்லை. 2009 ஓகஸ்ட் 31ஆம் நாள் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. 2010 மே 3ஆம் நாள், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. மன்னிப்பு குற்றவாளிக்குரியது, எழுதியவர் புரிந்த குற்றம் யாது?

யாழ்ப்பாணத்தில் 2000இல் நிமலராஜன் கொல்லப்பட்டார். கொழும்பில் 2009இல் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். கொலை ஓர் எழுத்தாளனின் வாயை மூடுகிறது. கொடிய சட்டமோ, எழுத நினைக்கும் ஆயிரம் பேரின் வாயை மூடுகிறது.

விவசாயத் தோழர்களே! பன்றிக்கென்று கட்டிய கட்டுத்துவக்கு, இருளில் வருபவன் தோட்டக்காரனா என்று பார்ப்பதில்லை. இச்சட்டமும் அத்தகையதே. "நமக்கென்ன" என்று இருத்தல் ஆகாது. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் தடைப்பட்டபோது, உங்கள் பயிர் வாடியதை நாடறியச் செய்தவர் யார்? பத்திரிகையாளரன்றோ!

ஆதலால் நாம் வேண்டுவது இரண்டு. சட்டத்தரணிகளே, பத்திரிகையாளர் கைதாகும் அன்றே, கட்டணம் கருதாது சென்று நில்லுங்கள். பொதுமக்களே, வழக்கு நாளன்று நீதிமன்றத்தை நிரப்புங்கள். தனித்து நிற்பவனைத்தான் அதிகாரம் எளிதில் வீழ்த்தும். பொலிஸ் அறையில் பெற்ற ஒப்புதலைச் சாட்சியமாக்கும் சட்டம் எந்தப் பெயரில் வரினும், அதனை நாம் ஏற்கமாட்டோம்!