மடற்பனையும் புதியவரும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன ஒருவர், ஓய்வு பெற்றபின் கணினியில் தமிழ் தட்டெழுதக் கற்கிறார் என்று கொள்க. தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை இருப்பதைக் காண்கிறார். அதில் ஊர் ஏரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மதகு எத்தனை, கலிங்கு எந்தத் திசையில் உள்ளது, எந்தக் கோடையில் ஏரி வறண்டு வண்டல் வாரினார்கள் என்பனவெல்லாம் அவர் கண்ணால் கண்டவை. நள்ளிரவு வரை விழித்திருந்து நான்கு பத்திகள் எழுதிச் சேமித்துவிட்டு உறங்கச் செல்கிறார். காலையில் பார்த்தால் நான்கு பத்திகளும் இல்லை. ‘சான்று இல்லை. நீக்கப்பட்டது. விதிகளைப் படித்துவிட்டு எழுதவும்’ என்னும் அறிவிப்பு மட்டும் நிற்கிறது. நீக்கியவர் யார் என்று பயனர் பக்கத்தைத் திறந்தால், அவர் ஒரு கல்லூரி மாணவர். இவருடைய பேரன் வயதினர். ஆனால் அவ்விடத்தில் அவரே மூத்தவர், இவரே இளையவர். இத்தகைய காலைப் பொழுதுக்குப் பின் அந்தப் பக்கமே திரும்பாதவர் பலர். இவ்வுரை அந்தக் காலைப் பொழுதைப் பற்றியது.

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பது அதன் அடிப்படை. எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை. ஊதியம் இல்லாத இடத்தில் மதிப்பே ஊதியமாகிவிடுகிறது. சங்கமோ, நூலகக் குழுவோ, அன்னதானக் குழுவோ எதுவாயினும் தொண்டு நடக்கும் இடங்களில் இதனைக் காணலாம். பத்தாண்டு உழைத்தவர்க்குக் கைப்பொருளாக எஞ்சுவது, முன்னே வந்தவர் என்னும் பெருமை ஒன்றே. நேற்று வந்தவர் எளிதாக ஒன்றைச் செய்துவிட்டால் அப்பெருமை சற்றே குறைவதாக அவர்க்குத் தோன்றுகிறது. உதவி கேட்டால், ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற முன்னுரையோடுதான் விடை வருகிறது.

பவணந்தி முனிவர் இவரை நன்கறிவார். நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டிய அவர், ஆசிரியராகத் தகாதார்க்கும் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை காட்டினார். மடற்பனை என்பது கருக்குமட்டை கழிக்கப்படாத பனை. அதில் பழம் உண்டு, இனிமையும் உண்டு. அதுவாக உதிர்த்தால் எடுத்துக்கொள்ளலாம். வேண்டி நெருங்கி ஏற முயன்றால் மார்பு கிழியும். பருத்திக் குண்டிகையோ, அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டிய குடுவை. கேட்ட கேள்விக்கு ‘விதியைப் பார்க்க’ என்று மட்டும் சொல்லி, எந்த விதி, எந்தப் பக்கம் என்பதை நான்கு முறை கேட்ட பின்னரே விடுவிக்கும் பழையவர் இதில் அடங்குவார்.

ஆயினும் பனை தன் விருப்பத்தால் கருக்கு வளர்ப்பதில்லை. அண்மைய மாற்றங்கள் என்னும் பட்டியலைக் காத்திருந்து பார்ப்பவர், ஒரே மாலைப் பொழுதில் விளம்பரங்கள், வசைச்சொற்கள், நடிகர் ஒருவர் இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீக்க நேர்கிறது. இருபதாவது பொய்யை நீக்கிய கை, இருபத்தொன்றாவதாக வந்த ஏரிக் கட்டுரையையும் அதே வேகத்தில் நீக்கிவிடுகிறது. தீங்கு செய்ய வந்தவரையும் விதி தெரியாமல் வந்தவரையும் பிரித்தறியும் பொறுமை தேய்ந்துபோகிறது. இது குற்றத்துக்கு மன்னிப்பு அன்று, காரணம் மட்டுமே.

இதன் விளைவைக் கணக்கிட்டவர்கள் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைந்து பங்களிப்போர் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பின் இறங்கத் தொடங்கியது. ஆரன் ஹாஃப்பேக்கரும் அவர்தம் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தை நாடியது. புதியவர்களின் தரம் குறைந்துவிட்டது என்பதே பழையவர் பலரின் எண்ணம். ஆய்வு கண்டது வேறு. நல்லெண்ணத்தோடு வருவோரின் விகிதம் பெரிதும் குறையவில்லை; அவர்கள் எழுதியவை நிராகரிக்கப்படுவதே பெருகியிருந்தது. அந்நிராகரிப்பும் பெரும்பாலும் கருவிகளின் துணையோடு, முகம் பாராமல் நிகழ்ந்தது. தொடக்கத்திலேயே அடிபட்டோர் தங்கவில்லை. புதியவரைக் கடிக்கலாகாது என்ற வழிகாட்டுதல் அங்கு எழுத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இரண்டு நிகழ்ச்சிகள் உலகறிந்தவை. 2018ஆம் ஆண்டு மே மாதம் டோனா ஸ்டிரிக்லண்ட் என்னும் கனடா நாட்டு இயற்பியல் அறிஞரைப் பற்றி ஒருவர் எழுதி அளித்த வரைவு, குறிப்பிடத்தக்கவர் என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று திருப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். செய்தி கேட்டு உலகம் தேடியபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை, அன்றுதான் உருவாயிற்று. வரைவை எழுதி அளித்தவர்க்கு, எத்தகைய சான்று வேண்டும், எங்கே தேடலாம் என்று ஒருவர் அருகிருந்து சொல்லியிருந்தால் அப்பக்கம் ஐந்து மாதங்களுக்கு முன்பே நின்றிருக்கும்.

மற்றொன்றில் சற்று நகைச்சுவையும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத், தம் நாவல் ஒன்றின் தலைமை மாந்தருக்கு மூலமானவர் யார் என்பது பற்றி விக்கிப்பீடியாவில் தவறான செய்தி இருப்பதாகச் சொல்லித் திருத்தக் கேட்டார். நூலாசிரியர் சொன்னால் மட்டும் போதாது, பிறர் வெளியிட்ட சான்று வேண்டும் என்று விடை வந்தது. வெகுண்ட அவர் 2012இல் ‘நியூயார்க்கர்’ இதழில் நீண்டதொரு திறந்த மடல் எழுதினார். அம்மடல் வெளிவந்ததும் அதுவே சான்றாகிவிட்டது! விதியில் பொருள் இல்லாமல் இல்லை. கடிதம் எழுதுபவர் உண்மையிலேயே ஃபிலிப் ராத்தா என்பதை யார் உறுதி செய்வது? ஆனால் அந்தக் காரணத்தைக் கனிவாக விளக்கும் ஒரு பத்தி, அவ்வளவு பெரிய மடலைத் தவிர்த்திருக்கலாம்.

ஏரிக்கரை ஆசிரியரிடம் திரும்புவோர்க்குச் சில செய்திகள் பயன்படும். முதலாவது, அவர் எழுதிய நான்கு பத்திகளும் அழியவில்லை. கட்டுரையின் வரலாறு என்னும் பகுதியைத் திறந்தால் ஓர் எழுத்தும் குறையாமல் அங்கே இருக்கும். இஃது அறியாமல் எத்தனையோ பேர் மனம் உடைந்திருக்கிறார்கள். அடுத்து, அந்தக் கடுமையான அறிவிப்பு பெரும்பாலும் வார்ப்புருவாகவே இருக்கும். நூறு பேருக்கு ஒட்டப்படும் அச்சு அது. தம்மை எண்ணி ஒருவர் அமர்ந்து எழுதிய இகழ்ச்சி என்று கொண்டு உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீக்கியதை வீம்புக்காக மீண்டும் மீண்டும் சேர்ப்பது மட்டும் கூடாது. ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் அவ்வாறு செய்வோரைத் தடுத்துவைக்கும் விதி ஆங்கில விக்கிப்பீடியாவில் உண்டு. அப்போது குற்றவாளியாக நிற்பவர் புதியவரே. அதற்கு மாறாக, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் விடை சொல்லக்கூடிய கேள்வியை எழுப்பலாம். ‘முப்பது ஆண்டு ஆசிரியனான எனக்கே பாடமா?’ என்பதற்கு எவராலும் விடை தர இயலாது. ‘ஏரியின் மதகுகளைப் பற்றி எத்தகைய நூல் சான்றாக ஏற்கப்படும்?’ என்றால் மடற்பனையும் பெரும்பாலும் ஒரு பழத்தையாவது உதிர்க்கும். உதிர்க்காவிடின், பழையவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவர் உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம் என்று ஒன்றுண்டு. பொது உரையாடலுக்கு ஆலமரத்தடி உண்டு. பெயர் சூட்டியவர் ஊர் நடுவே அமர்ந்து பேசிய தமிழராகத்தான் இருக்க வேண்டும்.

ஏளனம் வேறு, வசை வேறு. பாலினத்தையோ பிறப்பையோ சுட்டி ஒருவர் இழிவுபடுத்தினால், அங்கே பொறுமைக்கு இடமில்லை. நிர்வாகிகளிடம் முறையிடலாம், விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அறிவித்த பொது நடத்தை நெறியும் துணை நிற்கும். பெரியவர்களும் திருந்துவதுண்டு. 1991இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சக தொண்டர்களைச் சுடுசொல்லால் தாக்குவதற்குப் பேர்போனவர். அவரே 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் விலகியிருந்து திரும்பினார்.

அந்த ஆசிரியர் மாவட்ட விவரச் சுவடியைத் தேடி நூலகம் செல்கிறார் என்று கொள்க. மதகுக்கும் கலிங்குக்கும் சான்று கிடைக்கிறது; இரண்டு பத்திகள் நிலைபெறுகின்றன. ஊரார் கூடி வண்டல் வாரிய கோடைக்கு எந்த நூலிலும் சான்று இல்லை. அதனைக் கலைக்களஞ்சியம் ஏற்காது. ஏற்காமைக்கு நியாயமும் உண்டு. அந்நினைவை அவர் ஊர்மலர் ஒன்றில் எழுதி வைக்கலாம். அச்சேறினால், பின்னாளில் ஓர் ஆய்வாளர் எடுத்தாள வழி பிறக்கும். எழுதாமற்போனால் அவரோடு போய்விடும்.

சான்றுக்கு அடிக்குறிப்பு இடும் முறை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. குறியீடுகள் இடம் மாறிக் கட்டுரையே கோணலாய் நிற்கிறது. அன்று நீக்கிய அதே மாணவர் வந்து, ஒன்றும் சொல்லாமல் அதனைச் சரிசெய்துவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வைக்கிறார்: மதகுக் கல்லில் எழுத்துகள் இருப்பதாக நூலில் உள்ளதே, ஐயா, அதன் படம் கிடைக்குமா? இப்போது ஏரியில் நீர் நிறைந்திருக்கிறது. கல் வெளியே தெரியச் சித்திரை வரை பொறுக்க வேண்டும்.