ஆடு மேய்ந்தால் புல்வெளி அழியுமா?



செம்பூரை அடுத்த தேவ்னார் சந்தைக்கு லாரி லாரியாக ஆடுகள் வருகின்றன. எங்கோ வெளியூரில் மேய்ந்து வளர்ந்த ஆடுகள் அவை. தாராவிப் பட்டறைகளில் பையாகவும் பெல்ட்டாகவும் மாறும் தோலும் ஒரு காலத்தில் புல் தின்ற விலங்கின் தோல்தான்.

“ஆடு மாடு மேய்ந்தால் புல்வெளி பாழாகும். அவற்றை விரட்ட வேண்டும்” என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியா? அளந்து பார்த்தால்தானே தெரியும்?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் அளந்து பார்த்தார்கள். இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி என்ற இடம் இருக்கிறது. 12,000 அடிக்கும் மேலே உள்ள குளிரான மலைநாடு. அங்கே புல்வெளியில் சில இடங்களுக்கு வேலி போட்டார்கள். வேலிக்குள் மேயும் விலங்குகள் நுழைய முடியாது. வெளியே யாக் மாடுகளும் காட்டு ஆடுகளும் வழக்கம்போல மேய்ந்தன. இரண்டு பக்கத்து மண்ணையும் எடுத்துச் சோதித்தார்கள். இந்த ஆய்வு 16 ஆண்டுகள் நடந்தது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களும் மலையேறி மண் எடுத்தார்கள்.

மண்ணில் எதைத் தேடினார்கள்? கரியைத் தேடினார்கள்.

ஆலைப் புகையிலும் வண்டிப் புகையிலும் கரியமில வாயு இருக்கிறது. அது காற்றில் பெருகினால் பூமி சூடாகும். சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால் பெருமழை கொட்டும் வாய்ப்பு கூடும். மழை கொட்டினால் என்ன ஆகும்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்று மும்பையில் இருந்தவர்களுக்கு அது மறக்காது.

புல் கரியமில வாயுவை இழுத்து வளர்கிறது. வேரும் சாணமும் மக்கும்போது கரி மண்ணில் தங்குகிறது. மண் ஓர் உண்டியல் மாதிரி.

2022-இல் ஆய்வின் முடிவு வெளிவந்தது. விலங்குகள் மேயாத இடத்தில் மண்ணின் கரி ஆண்டுக்கு ஆண்டு 30 முதல் 40 சதவீதம் அதிகமாக ஏறி இறங்கியது. மேய்ந்த இடத்தில் சீராக இருந்தது. மேய்ச்சல் உண்டியலைக் காத்தது!

2023-இல் இன்னொரு செய்தி வந்தது. காட்டு விலங்கு மேய்ந்த மண்ணைவிட, வளர்ப்புக் கால்நடை மேய்ந்த மண்ணில் கரி குறைவாகத் தங்கியது. கால்நடைகளுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். அவை சாணம் வழியாக மண்ணில் சேர்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைக் கெடுக்கின்றன.

மந்தை அளவுக்கு மீறினால் புல் கெடும். மருந்து அளவுக்கு மீறினால் மண் கெடும். இரண்டுக்கும் அளவு வேண்டும். ஆட்டையும் மேய்ப்பவரையும் விரட்டுவதால் பூமி குளிராது.

இனி யாராவது ஆட்டின் மேல் பழி போட்டால், “எங்கே அளந்தீர்கள்? எத்தனை ஆண்டு அளந்தீர்கள்?” என்று கேளுங்கள்.